காஷுக்கு விழுந்த ஒரே ஓட்டு

இன்று காலை க்ளாசெட் மேல்தட்டிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கினேன். அதன் முன்பையிலிருந்து அந்த நீல ரப்பர் ஷூ பொத்தென்று என் காலடியில் விழுந்தது. தண்ணீருக்குள் போட்டுக்கொள்கிற ஷூ. கடை அட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. புது ரப்பர் வாசனை அப்படியே இருந்தது. நீ இருந்தால் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "மூணு வருஷமா பத்திரமா வச்சிருக்கியே, மியூசியத்துக்குக் குடுக்கப் போறியா?" என்று கேட்டிருப்பாய். கேட்க நீ இல்லாததால் நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். உன் குரலில் இருக்கிற அந்த எகத்தாளம் எனக்கு வரவில்லை.

இதை நீ இரண்டு ஜோடி வாங்கினாய். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டுமே உன் சைஸ். என் கால் உன் காலைவிடக் கொஞ்சம் பெரியது என்று, நம் பிளெய்ன்ஸ்பரோ ஊர்க் குளத்தைச் சுற்றி இருபது வருஷம் என்னோடு நடந்தவளுக்குத் தெரியாமல் இல்லை. என் சைஸ் கடையில் தீர்ந்துவிட்டதாம். "தண்ணிக்குள்ள ஊறினா சரியாயிடும், போ" என்று கையில் திணித்தாய். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று யார் சொன்னாலும் எரிந்து விழுகிறவள், என்னிடம் மட்டும் அதைச் சொல்லாமல் சொன்னாய்.

அந்தத் துருக்கிப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏழு குடும்பம், ஒரு வாட்ஸ்அப் குழு, அதற்கு ஒரு தலைவர். பார்சிப்பனியில் ஏதோ ஒரு ஆபீசில் டைரக்டராக இருக்கிற அந்த மனுஷனுக்கு நீ வைத்த பெயர் தாசில்தார். இன்றுவரை எனக்கு அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கடலோரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டு, கல்கான், காஷ். அரை மணி நேரக் கார்ப் பயணம்தான் நடுவில். எதில் தங்குவது என்று முடிவு செய்ய தாசில்தார் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டார். தனி நீச்சல் குளம் உண்டா, சமையலறை பெரிதா, எத்தனை பாத்ரூம், இந்தியச் சாப்பாடு எவ்வளவு தூரத்தில் என்று பதினாலு தலைப்பு. நீ அதை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாய். மருந்துக் கம்பெனியில் அடுத்தவர் எழுதிய அறிக்கையில் தப்புக் கண்டுபிடிப்பதே வேலையாக இருந்தவள் ஆயிற்றே.

"கடலுக்குப் போறதுக்கு ஷீட் போட்டிருக்கான். அதுல கடல்னு ஒரு தலைப்பு இல்லடி" என்றாய்.

கல்கானில் மலைச்சரிவெல்லாம் வில்லா, வில்லாவுக்கு ஒரு குளம். காஷ் கொஞ்சம் பழைய ஊர், குளம் கிடையாது, கரையெல்லாம் கூழாங்கல். "குழந்தைங்களுக்குக் கல்லு குத்தும்" என்று தாசில்தார் மனைவி குரல் மெசேஜ் அனுப்பினாள். குழந்தைகள் என்றால் யார்? மீசை முளைத்த பையன்கள், காலேஜ் போகிற உன் மகள் மீரா. அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பில், நாம் நடக்கிற குளத்தோரம் மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் எல்லாம் எழுந்து ஓடின. "கல்கான்லயும் கரையெல்லாம் கல்லுதான். பேர்லயே கல்ல வச்சிக்கிட்டிருக்கிற ஊருக்குப் போறதுக்கு, இன்னொரு ஊர்ல கல்லு குத்தும்னு பயப்படறாங்க பாரு" என்றாய். உன்னைத் தவிர யாருக்கும் அது தோன்றவில்லை. அப்புறம் அகராதியைத் தேடி, துருக்கியில் கல்கான் என்றால் கேடயம், காஷ் என்றால் புருவம் என்று கண்டுபிடித்து வந்தாய். அவங்களுக்குக் கேடயம், எனக்குப் புருவம் என்று சொல்லி அந்த ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக் காட்டினாய். தாசில்தார் கடைசிவரை அந்த ஊரை 'கேஷ்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று நடையை நிறுத்தி, போனில் இரண்டு படம் காட்டினாய். ஒன்றில் கல்லால் கட்டிய பழைய அரங்கம். படிக்கட்டு படிக்கட்டாக உட்கார இடம், எதிரே மேடை இருக்க வேண்டிய பக்கம் முழுக்கக் கடல். இன்னொன்றில் கடைத்தெரு நடுவில், ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கல் சவப்பெட்டி, ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தையது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்தவன நடுத்தெருவுல வச்சிக்கிட்டு, பக்கத்துலயே உக்காந்து டீ குடிக்கிறான் பாரு. நான் போகணும்னா அந்த ஊருக்குத்தான் போகணும்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "என் ஓட்டு உனக்குத்தான்டி" என்றேன். மறுநாளே போய் ஷூ வாங்கி வந்துவிட்டாய்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. தாசில்தார் மூன்று விடை வைத்தார்: கல்கான், காஷ், எதுவானாலும் ஓகே.

அந்த மூன்றாவது விடையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்களை உன்னைப்போல அறிந்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. காபியா டீயா என்று கேட்டால், எதுவானாலும் ஓகே. இட்லியா தோசையா என்றால், உங்களுக்கு எது ஈஸியோ அது. எது வேண்டும் என்று கேட்டால் அதைச் சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா என்று நீ கேட்பாய். சொல்லாமல் இருந்துவிட்டு, தட்டில் வந்து விழுந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் நல்ல குணம் என்பாய். ஊர் விட்டு ஊர் வந்து, பச்சை அட்டைக்குப் பத்து வருஷம் வரிசையில் நின்று, பேச வேண்டிய இடத்தில் எல்லாம் வாயை மூடிப் பழகிய கூட்டம். தலையாட்டுவதையே பண்பு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிற கூட்டம். அதில் நானும் ஒருத்தி என்பதுதான் எனக்கு இன்று பெரிய அருவருப்பு.

ஓட்டுப் போடுகிற அன்று தாசில்தார் மனைவி எனக்குப் போன் செய்தாள். உன்னைப் பற்றி ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை, அது அவள் சாமர்த்தியம். அவங்க டேஸ்டே வேற, நீங்களாவது கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க என்றாள். அவ்வளவுதான். உன் வால் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ரோஷம் வந்தது. எத்தனை கேவலமான ரோஷம் பார். கல்கான் என்று போடவும் தைரியம் இல்லை, காஷ் என்று போடவும் தைரியம் இல்லை. வழவழா கொழகொழா என்று மூன்றாவதை அமுக்கினேன்.

கல்கானுக்கு ஒன்று, அது தாசில்தார். எதுவானாலும் ஓகேவுக்கு ஐந்து. காஷுக்கு ஒன்று. யார் யார் போட்டது என்று பெயரோடு காட்டுகிற ஓட்டு அது. நீ பார்த்தாய். எனக்குப் போன் செய்து திட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழுவில் ஒரே ஒரு வரி எழுதினாய்: "எனக்கும் எதுவானாலும் ஓகே."

உன் வாழ்நாளில் நீ சொன்ன அத்தனை ஏளனத்திலும் அதுதான் கொடியது. எனக்காகவே எழுதியது. தாசில்தார் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார், மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள். நானும் போட்டேன். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது ஆபீசில் வேலை என்று நீ விலகிக்கொண்டாய். உன் வீட்டுக்காரர் ஸ்ரீதர் உட்பட எல்லாரும் அதை நம்பினார்கள்.

கல்கானில் நாங்கள் என்ன கிழித்தோம் என்று நீ கேட்கவே இல்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். எடிசனில் இந்தியக் கடையில் வாங்கிய சாம்பார்ப் பொடியும் குக்கரும் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தன. முறை வைத்துச் சமைத்தோம். ஆண்கள் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டுக்கடன் பற்றிப் பேசினார்கள். கீழே அத்தனை நீலமாகக் கடல் கிடந்தது, ஏழு நாளில் இரண்டு தடவை இறங்கிப் போனோம். கல் குத்துகிறது என்று திரும்பி வந்துவிட்டார்கள். நாலாம் நாள் நான் தயிர் வாங்க மேல்ரோட்டுக்குப் போனேன். முன்கண்ணாடியில் காஷ் என்று போட்ட மினிபஸ் ஒன்று வந்து என் முன்னால் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தான். அரை மணி நேரம்தான். அன்று மதியச் சமையல் என் முறை. நான் தலையாட்டி இல்லை என்றேன், அவன் போய்விட்டான். நீ இல்லாமல் அந்த ஊரைப் பார்ப்பது இன்னொரு துரோகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணாங்கட்டி. எனக்குச் சாம்பார் கவலை.

திரும்பி வந்த வாரம் குளத்தோரம் நடக்கும்போது நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "கல்லு குத்துச்சா?" குத்தியது என்றேன். அதற்கு மேல் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த கோடையில் நாம் இரண்டு பேர் மட்டும் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பார்க்கலாம் என்றாய். அந்தக் குளிர்காலத்தில் வயிற்றுவலி என்றாய், வாத்துகள் குளத்துக்குத் திரும்பி வருவதற்குள் நீ இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நர்ஸ் வந்து, ஆரஞ்சு ஜெல்லி வேண்டுமா, செர்ரி வேண்டுமா என்று கேட்டாள். உனக்கு அப்போது விழுங்கவே முடியாது. "செர்ரி" என்று தெளிவாகச் சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். நான் வெளியே போய் அழுதேன். உனக்காக மட்டும் அழவில்லை.

இப்போது கேள். போன வாரம் தாசில்தாருக்கு மறுபடி துருக்கி ஞாபகம் வந்துவிட்டது. அதே இரண்டு ஊர், அதே மூன்று விடை. இந்த முறை உன் நினைவாகவாம். உன் பழைய வரியைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, அதற்குக் கீழே, அவங்க எவ்வளவு அட்ஜஸ்டபிள், எதுவானாலும் ஓகேன்னு சொன்ன மனசு அது என்று எழுதியிருக்கிறார். நீயாம், அட்ஜஸ்டபிளாம். மற்றவர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். ஸ்ரீதர் அந்த வரியை உன் ஆசை என்றே நினைத்து, உங்கள் வீட்டு ஓட்டையும் மூன்றாவதில் போட்டுவிட்டார்.

மறுநாள் மீரா போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மாக்கு எது வேணும்னு அப்பாக்குத் தெரியல. யூ நியூ ஹர் பெஸ்ட். விச் ஒன் டிட் ஷி வான்ட்?"

எனக்குத் தொண்டை வரை வந்தது எது தெரியுமா? எதுவானாலும் அம்மாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும், கண்ணா. அத்தனை சுலபமாக வந்தது.

"காஷ்" என்றேன். "உங்கம்மா காஷ்தான் கேட்டா. அவ மட்டும்தான் கேட்டா. நான் கூட இருக்கேன்னு வாக்குக் குடுத்துட்டு ஓட்டுப் போடல. அந்த மெசேஜ் ஆசை இல்லம்மா. என் மேல கோவம்."

"ஐ ஹேவ் ஹர் ஷூஸ்" என்றாள். "ப்ளூ ஒன்ஸ். வை டிட் ஷி பை ஷூஸ்னு எனக்குத் தெரியவே இல்ல."

மீராவிடம் சொன்னதை அப்படியே குழுவிலும் எழுதினேன். பூசி மெழுகவில்லை. அப்புறம் காஷை அமுக்கினேன். வெகுநேரம் அந்த ஒன்று மட்டும் ஒன்றாகவே நின்றது, அன்று உன்னுடையது நின்றதுபோல. சாயங்காலம் அது இரண்டாயிற்று. ஸ்ரீதர் மாற்றிப் போட்டிருந்தார். மற்ற ஐந்து வீடும் கல்கானுக்கே போகட்டும், குக்கரோடு போகட்டும். அப்பாவும் மகளும் நாங்களும் காஷுக்குப் போகிறோம். மீரா அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டுமாம்.

டிக்கெட் போட உட்கார்ந்த என் வீட்டுக்காரர், ஜன்னல் சீட்டா, ஓரச் சீட்டா என்று கேட்டார். எதுவானா என்று வாய் திறந்துவிட்டது, மீதியை விழுங்கினேன். ஜன்னல் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

கடை அட்டையைக் கத்தரித்துவிட்டு ஷூவைப் போட்டுப் பார்த்தேன். ஹாலில் நாலு தடவை நடந்தேன். தண்ணீரில் ஊறினாலும் இது சரியாகாது, எனக்குத் தெரிகிறது. பரவாயில்லை என்று உன்னிடம் நான் சொல்லப் போவதில்லை. இதைத்தான் போட்டுக்கொண்டு அந்தக் கல்லில் இறங்கப் போகிறேன். ஆனால் கடிக்கிறதடி. ரொம்பக் கடிக்கிறது.