மலையேறும் முன் சொல்வது

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? அங்கே நம் ஊர் வோஸில் குளிர் விட்டதா? இங்கே இன்ஸ்ப்ரூக்கில் கம்பெனி வேலை வெள்ளியோடு முடிகிறது. சனிக்கிழமை பனிச்சறுக்குக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ஏப்ரல் பனி வெயில் ஏறினால் இளகிவிடும். அதனால் விடியலில் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுவேன்.

எந்த மலை, எந்த வழி, எப்போது திரும்புவேன் என்று ஓட்டல் வரவேற்பில் இருக்கும் வால்புர்காவிடம் சொன்னேன்.

“இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சார் ஒப்பிக்கிறீங்க? நான் என்ன உங்க அம்மாவா?” என்று சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டு, அறைக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் வேண்டாம் என்பாய்.

கூதாய் என்ற மலையூருக்கு மேலே, கிழக்குச் சரிவு. தனியாகத்தான்.

அப்பா எந்த மலை என்று சொல்லாமல் போன அன்று ஊரே திரண்டு வேறொரு மலையில் தேடியது. அதற்குமேல் எழுத வேண்டாம்.

பழுப்புப் பாலாடைக்கட்டி கொஞ்சம் வாங்கி வை. இங்கே கிடைப்பதை வாயில் வைக்க முடியவில்லை. கீழே கம்பெனி ஆட்கள் சாப்பிடக் காத்திருக்கிறார்கள், முடித்துக்கொள்கிறேன்.

இது உன் கைக்கு வரும்போது நான் இறங்கி வந்திருப்பேன். தெரியும். இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் மலையேற எனக்குக் கால் எழாது.

உன் மகன்,
ஐவின்ட்