திறந்துவிட்ட பின்கதவு

மனோர் பார்க், லண்டன்
8.2.1990

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். போன மாதம் 25ஆம் திகதி பகல் இங்கே பெரும் புயல். எண்பத்தேழாம் ஆண்டுப் புயலின்போது சரியான எச்சரிக்கை இருக்கவில்லை. இந்த முறை முதல் நாளே டிவியில் சொல்லிவிட்டார்கள். கதவு, யன்னலைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கச் சொன்னார்கள்.

நான் ஊரில் செய்வதுபோல, காற்று புகுந்து வெளியே போகட்டும் என்று முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிட்டேன். காய்ச்சலென்று வீட்டில் நின்ற பேத்தி கத்தினாள்.

"அம்மம்மா, பூட்டச் சொன்னவையெல்லோ!"

"உன்ரை வயசிலையே நான் புயல் பார்த்தனான். சும்மா இரு."

அடுத்த வீச்சில் பின்கதவு பிணைச்சலோடு பிய்ந்து பக்கத்து வீட்டு வேலியில் போய் விழுந்தது. ஒரு நிமிடம் முன்புவரை பிள்ளை அந்தக் கதவடியில்தான் நின்றாள்.

மகள் வேலையால் வந்து, "அம்மாவுக்குச் சொல்வழி கேக்கத் தெரியாது" என்றாள்.

பேத்தி கெட்டிக்காரி. ஒன்பது வயதில் காற்று எந்தப் பக்கத்தால் வந்ததென்று படம் கீறிக் காட்டுகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் அது விளங்கியது.

ஊர் இப்போது அமைதி, பயப்படாதே என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அடுத்த சண்டையை முதல் நாளே சொல்ல யார் இருக்கிறார்கள்? மருமகன் அனுப்பிய விசாத் தாள்களை நீங்கள் இன்னும் நிரப்பவில்லையாம். உங்களை வரச்சொல்லிக் கேட்பதில்லை என்ற பிடிவாதத்தோடுதான் நான் பிளேன் ஏறினேன். இப்போது கேட்கிறேன். வாருங்கள்.

புதுக் கதவு போட்டாயிற்று. பூட்டித்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் தட்டினால் திறப்பேன்.

இப்படிக்கு,
சொல்வழி கேட்கப் பழகும் உங்கள் மனைவி