ஏற்றாத இரத்தம்

ஜார்ஜ்டவுன்
6 மார்ச் 1988

அன்பு மகள் கனகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. தேதி போட மறந்திருக்கிறாய்.

இடுப்பு ஆபரேஷனுக்கு வீட்டார் இரண்டு பேர் இரத்தம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இனி வேண்டாம். எனக்கு இரத்தம் குறைவாம். இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தால் வெளி இரத்தமே தேவைப்படாது என்கிறார் புதிதாக வந்துள்ள டாக்டர் ரோஹானா. "தானமாக வருவதால் இலவசம் என்று நினைக்கிறார்கள், மேடம். சோதனை, குளிர்ப்பெட்டி, பக்கத்தில் நிற்கத் தாதி, காய்ச்சல் வந்தால் கூடுதல் நாள் கட்டில், எல்லாம் ஆஸ்பத்திரிச் செலவு. மாத்திரைக்கு என்ன விலை?" என்றார். கணக்குத் தெரிந்த பெண்.

நீ வயிற்றில் இருந்தபோது அப்பா சௌரஸ்தா மார்க்கெட்டில் முருங்கைக்கீரையும், மீரா சாகிப் கடையில் பேரீச்சம்பழமும் வாங்கிச் சைக்கிளில் வருவார். வேலைக்குப் போகும் அவசரத்திலும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். இப்போது தனியாக விழுங்குகிறேன்.

ஆகவே உன் வீட்டிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. பிறர் இரத்தம் என் உடம்பில் ஏறாது என்பதில் எனக்கு நிம்மதி.

அம்மா

*

ஜுரு
14 மார்ச் 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

தேதி போட்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னது நல்ல வழிதான். ஆனால் "உன் வீட்டிலிருந்து யாரும்" என்றால் யார், அம்மா? எனக்குச் சர்க்கரை, எடுக்க மாட்டார்கள். மிச்சம் அவர் ஒருவர்தான். பைராம் தோட்டத்தில் கூலி வீட்டில் பிறந்தவரின் இரத்தம் வேண்டாம் என்று நேராக எழுதியிருக்கலாம்.

நேற்று உங்கள் கடிதத்தை அவரும் படித்தார். "அத்தை ஏற்கெனவே இரும்புதான்லா, அதுக்கு மேல எதுக்கு மாத்திரை?" என்று சிரித்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார்.

அப்பா இருந்திருந்தால் முதல் தீபாவளிக்கே எங்களை எஸ்பிளனேடு கடற்கரைக்குக் கூட்டிப்போய், கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கொடுத்து, அவரோடு இருட்டும்வரை பேசியிருப்பார். கல்யாணமாகி ஆறு வருடம். ஒரு கடிதத்திலும் நீங்கள் அவர் பெயரை எழுதியதில்லை. எழுதும்வரை நானும் உங்களுக்குக் கடிதம் எழுதப்போவதில்லை.

கனகு

*

ஜார்ஜ்டவுன்
24 ஏப்ரல் 1988

அன்பு மகளுக்கு,

நடுவில் நான் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. இந்தப் பிடிவாதம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று அப்பா கேட்டிருப்பார், என்னைப் பார்த்துக்கொண்டே.

என் இரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது. கான்வென்டில் மதர் எங்களை வரிசையாக நிறுத்தி மீன் எண்ணெய் ஊட்டுவார். முகம் சுளித்தால் இன்னொரு கரண்டி. அந்தப் பழக்கம் இப்போது உதவுகிறது.

மே பத்தாம் தேதி ஆபரேஷன். உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அம்மா

*

ஆஸ்பத்திரி
17 மே 1988

மருமகன் திரு. வேலு அவர்களுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒரு புட்டி இரத்தமும் ஏற்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவள் என்று டாக்டர் ரோஹானா மற்ற டாக்டர்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டுகிறார். எனக்கும் அதில் பெருமைதான்.

இன்று காலை தாதி லெட்சுமி ஒரு சங்கதி சொன்னாள். ஆபரேஷன் அன்று நீங்கள் இரத்த வங்கிக்கு வந்தீர்களாம். அந்த அம்மாவுக்குத் தேவையில்லை என்று சொல்லியும், "அத்தைக்கு வேணாம்னா வேற யாருக்காச்சும் குடுங்கலா" என்று கையை நீட்டினீர்களாம். மறுநாள் அது பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்குப் போயிற்றாம். நீங்களோ மாடியேறி என்னைப் பார்க்காமலே திரும்பிவிட்டீர்கள்.

"யாரும்மா அவரு, மருமகனா?" என்று கேட்டாள்.

"ஓம், வேலு" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நேரத்துக்கு வாருங்கள். இடுப்பை மடக்கக் கூடாதாம். காரின் முன் இருக்கையை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி வையுங்கள். கனகேஸ்வரி பின்னால் உட்காரட்டும்.

உங்கள் மாமி,
ஞானாம்பிகை குலசேகரம்