பாவா வீட்டுக்குப் போன கரடி

நைனா,

கரடி வந்துவிட்டது. போன வியாழக்கிழமை கூரியர்க்காரர் கொடுத்துவிட்டுப் போனார். பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது பசை வாசனைதான். புதுக் கெட்டி அட்டையில், கொஞ்சம் புளித்த மாவு போல அடிக்குமே, அது. மலையடிவாரத்தில் உன் பிரேம் கடைக்குள் நுழைந்தால் முகத்தில் வந்து அடிக்கும் அதே வாசனை. பார்சலை மூக்கருகே வைத்துக்கொண்டு கூடத்தில் நின்ற என்னைப் பார்த்து, "அம்மா, அது துன்றதா?" என்று தேஜு கேட்டாள். தேஜு உன் பேத்தி. நான்கு வயதாகிறது. நீ கண் மூடிய மறு வருடம் பிறந்தவள்.

அதே கரடி, நைனா. அதே சிவப்புக் குடை, அதே தொப்பை. பழைய படங்களோடு மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். நான் சின்னவளாக இருந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ மடியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டிய கதையை, முப்பது வருடம் கழித்துத் திரும்பப் படிக்கப்போகிறேன் என்று முதல் பக்கத்தைத் திறந்தேன்.

இடது பக்கத்தில் ‘உள்ளே’ என்று இருந்தது. வலது பக்கத்தில் ‘வெளியே’ என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

புரட்டினேன். மேலே, கீழே. நனைந்தது, காய்ந்தது. பெரியது, சிறியது. கடைசிவரை இப்படியேதான். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ‘எதிர்ச்சொற்கள்’ என்று எழுதியிருந்தது.

சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. அந்தப் புத்தகத்தை நான் ஊருக்கே சிபாரிசு செய்திருந்தேன்.

தேஜுவின் பாலர் பள்ளியில் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்க நல்ல படப் புத்தகம் சொல்லுங்கள் என்று மிஸ் கேட்டிருந்தார். மற்றவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஒன்பது நிமிடம் பேசி அனுப்பினேன். பேர் ஞாபகம் இல்லை, அட்டையில் சிவப்புக் குடை பிடித்த கரடி இருக்கும் என்று ஆரம்பித்து, அது நகரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனது, அங்கே தன் பாவாவின் குடையைத் தவறுதலாக எடுத்து வந்தது, திருப்பிக் கொடுக்க ரயில் ஏறியது, தூங்கிப்போய் அரக்கோணத்தில் முழித்தது, பிளாட்பாரத்தில் வடை வாங்கியது, கடைசியில் மணவூரில் பாவா வீட்டுக் கதவைத் தட்டியது வரைக்கும் சொன்னேன். பாவா என்றால் பெண்டாட்டியின் அண்ணன் என்று விளக்கம்கூடக் கொடுத்தேன். இந்த மாதிரிக் கதை இப்போதெல்லாம் யார் எழுதுகிறார்கள் என்று முடித்தேன்.

குழுவே உருகிவிட்டது. மிஸ் நெட்டில் தேடி ஒரு படம் அனுப்பினார். தலைப்பின் மேல் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருந்தது. கரடி மட்டும் தெரிந்தது. இதேதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றேன். பள்ளிக்கும் வீடுகளுக்குமாகச் சேர்த்து வாங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடங்கவே இல்லை. "அக்கா, எங்க வூட்டுக்கு வந்த புக்குல கதைய காணோம். பேஜ் எதுனா மிஸ்ஸாயிருக்கா?" "மேடம், உங்க புக்குல கரடி பேசுதா? எங்களுதுல சும்மா நின்னுகினு இருக்குது." ஒரு அம்மா பாவாவைத் தேடி வட்டம் போட்டு, இவரா என்று கேட்டு ஒரு படம் அனுப்பியிருந்தார். அது மரம்.

நைனா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஐந்தாவது வரை தெலுங்கில் படித்துவிட்டு நகரிப் பக்கத்திலிருந்து திருத்தணிக்கு வந்தவன் நீ. பஸ் போர்டைக்கூட அம்மாதான் படித்துச் சொல்லுவாள். நீ எனக்குத் தமிழ்ப் புத்தகம் படித்துக் காட்டினாய் என்பதும் எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் முப்பது வருடமாக நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

உன்மேல் எனக்குச் சந்தேகம் வராததற்குக் காரணம் உன் விரல். ‘மேலே’ என்ற எழுத்துக்கு அடியில் அதை வைத்து, ஒரு பக்கத்துக் கதை முடியும்வரை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போவாய். ஒருமுறை மட்டும் கேட்டேன், இத்தனூண்டு எழுத்தில் இவ்வளவு கதையா என்று. நீ யோசிக்கவே இல்லை. "தெலுங்கு எழுத்து உருண்டை கண்ணு, உருண்டுகினு பூடும். தமிழ் எழுத்து கெட்டி. டிகாஷன் மாதிரி. தண்ணி ஊத்திதான் படிக்கணும்" என்றாய். முந்தின நாள் வேறு மாதிரி படித்தாயே என்று கேட்ட நாளில், "நேத்து வேகமா படிச்சிட்டேன், பாதி வுட்டுப்போச்சு" என்றாய். இரண்டையும் நம்பினேன். முதலாவதை இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இதுல கதையே இல்லம்மா."

"ஆங்," என்றாள் தலை நிமிராமல். "அது எனுக்குத் தெரியுமே."

"எப்பலருந்து?"

"மொத நாளே. அது யாரோ மெட்ராஸ்காரங்க கடையில மறந்துட்டுப்போன புக்கு. உங்க நைனா கரடினு ஆரம்பிச்சி அரக்கோணம் ஸ்டேஷன்றாரு, வடைன்றாரு. எந்தப் புக்குல அரக்கோணம் வடை வருது?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எனுக்கு கதை கேக்க வோணாவா?"

அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் தினமும் கேட்டிருக்கிறாள், நைனா. உனக்குத் தெரியுமோ தெரியாதோ. "கடையில இன்னா நடந்துச்சினு உங்க நைனா எங்கிட்ட வாய தொறந்து சொல்வாரா? சாப்டுவாரு, படுத்துக்குவாரு. கரடிதான் சொல்லும். கரடிக்குக் கால்ல முள்ளு குத்திச்சினா, அன்னிக்கு கடையில கண்ணாடி ஒடைஞ்சி இவரு கைய கீசிகினாருனு அர்த்தம். நான் மஞ்சத் தூள் எடுத்துனு வருவேன்" என்றாள்.

உடனே எனக்கு அந்த மூன்று நாட்கள் நினைவுக்கு வந்தன. மணவூரில் எடுத்த அம்மா வீட்டுக் குடும்பப் போட்டோவுக்கு நீ பிரேம் போட்டுக்கொண்டு வந்தாய். போட்டோ பெரியது, கையில் இருந்த பிரேம் சிறியது. ஓரத்தைக் கத்தரித்துவிட்டாய். ஓரத்தில் நின்றிருந்தவர் அம்மாவின் அண்ணன். இப்போதும் அந்தப் படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. மாமாவின் ஒரு தோளும் ஒரு காதும் தெரியும். அம்மா மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ ‘பெரியது, சிறியது’ பக்கத்தைத் திறந்து, மடியில் இருக்கிற எனக்குத் தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகப் படித்தாய்.

"கரடிகிட்ட படம் பெரிசு, பிரேமு சிறுசு. ஒரு ஓரமா வெட்டிடுச்சி. வெட்டினப்பறம்தான் பாக்குது, ஓரத்துல நின்னுகினு இருந்தது அதோட பாவா."

"பாவா செத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு, பாதி இருக்காரு. கரடிக்குத்தான் மனசே சரியில்ல. தப்பு பண்ணிட்டோம்னு தெரியுது. சொல்றதுக்கு வாய் வரல."

அடுப்பங்கரையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. "அந்தக் கரடிய கை கழுவிகினு வரச் சொல்லு. சோறு ஆறுது."

நீ புத்தகத்தை அப்படியே மூடிவிட்டு எழுந்து போனாய். மீதிக் கதையைப் படிக்கவில்லை என்று நான் தரையில் புரண்டு அழுதேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய காரியம் அந்த வீட்டில் நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அந்தப் புக்கு இன்னா ஆச்சி?" என்று அம்மாவைக் கேட்டேன். நான் ஒன்றாவது சேர்ந்த சில மாதத்தில் அது காணாமல் போயிருந்தது. கரடி ஊருக்குப் போயிருக்கிறது என்று நீ சொல்லியிருந்தாய்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தினாள். "உன்ன டீச்சர் எழுப்பி நிக்க வெச்சாங்களே, அன்னிக்கு."

அது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. டீச்சர் போர்டில் ‘உள்ளே’ என்று எழுதி என்னைப் படிக்கச் சொன்னார். வடிவம் தெரிந்த எழுத்துதான். விரலை நீட்டி நகர்த்திக்கொண்டே, "கரடி பாவா வூட்டுக்குள்ள பூந்துச்சி, பாவா தூங்கிகினு இருந்தாரு, தட்டுல ஒரு வாழைப்பழம் இருந்துச்சி" என்று நிறுத்தாமல் படித்தேன். டீச்சர் உன்னை வரச்சொன்னார். நீ வேட்டியைத் தழைத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்று, "புள்ள மேல தப்பு இல்ல டீச்சர், வூட்ல கத்துகினது அப்படி" என்றாய். அவர் ஒரு தாளை நீட்டி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். நீ சட்டைப் பையைத் தடவினாய். "கண்ணாடிய கடையில வுட்டுட்டேன்" என்றாய். உனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது.

நான் அரக்கோணத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன், நைனா. எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, படிக்கத் தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் பையைத் தடவுகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். பேசாமல் பலகையைத் திருப்பிப் படங்கள் இருக்கிற பக்கத்தை வைப்பேன். ஒருநாளும் உன்னை நினைத்ததில்லை.

"நீ எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சா புக்குல இன்னா இருக்குதுனு தெரிஞ்சிபூடும்னு அவருக்குப் பயம்" என்றாள் அம்மா. "கடைக்கு எடுத்துனு போய்ட்டாரு. அட்டை நல்லா கெட்டியா இருந்துச்சாம். வெட்டி, சாமி படத்துக்கெல்லாம் பின்னாடி வெச்சி அடிச்சிட்டாரு."

"எந்த சாமி படம்?"

"யாருக்குத் தெரியும்? திருத்தணி பூரா இருக்கும்."

சனிக்கிழமை பள்ளியில் அம்மாக்களோடு வாசிப்பு நாள். நான்தான் படிக்க வேண்டும் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அரக்கோணத்திலிருந்து ரயிலில் வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அது பழைய பதிப்பு, இதில் கதையைச் சுருக்கிவிட்டார்கள் என்று. யாராலும் மறுக்க முடியாத பொய். வீடு வருவதற்குள் நானே நம்பிவிட்டேன்.

ஆனால் சனிக்கிழமை புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நின்றபோது, அந்தப் பொய்யைச் சொல்ல உன்னை மாதிரி சட்டைப் பையைத் தடவ வேண்டியிருக்கும் போலத் தோன்றியது. எனக்குச் சட்டைப் பையும் இல்லை.

"எங்க நைனாவுக்குத் தமிழ் படிக்க வராதுங்க. நான் சொன்னது மொத்தமும் அவரு சொன்னது. புக்குல இல்ல" என்றேன்.

மிஸ் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைசியில் உட்கார்ந்திருந்த குமாரி, "அப்புறம் எப்படிக்கா படிச்சாரு?" என்று கேட்டாள். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவள். குழுவில் ஒருநாளும் எழுத மாட்டாள். வீட்டில் படித்துக் காட்டச் சொல்லி மிஸ் கொடுத்தனுப்பிய புத்தகமெல்லாம் மகனின் பையில் அப்படியே திரும்பி வரும்.

"படத்த பாத்து."

குமாரி மிஸ்ஸைப் பார்த்தாள். "அது ஒத்துக்குவீங்களா மிஸ்?"

மிஸ் தலையை ஆட்டினார். குமாரி இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து புத்தகத்தை வாங்கினாள். ‘நனைந்தது’ பக்கத்தைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். மகன் மடியில் வந்து உட்கார்ந்தான்.

"இந்தக் கரடி காலையில ஷிப்ட்டுக்குப் போவுது," என்றாள் தாழ்ந்த குரலில். "பஸ்சு வரல. மழ. மொதலாளி போன் மேல போன் போடறாரு."

"எந்த பஸ்சு?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மா.

"ஏழரை வண்டி."

"அது லீவு நாள்ல வராது."

"கரடிக்குத் தெரியாதுல்ல? அது புச்சா வேலைக்குச் சேந்துது."

அதற்குப் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. கரடி தறியில் வாலைக் கொடுத்து மாட்டிக்கொண்டது, நூல் அறுந்தது, மொதலாளி தேடிக்கொண்டு மேலே ஏறினார், கரடி கீழே ஒளிந்தது. அம்மாக்கள் ஆளுக்கொரு பக்கம் திருத்தினார்கள். பிள்ளைகள் புத்தகத்தின் மேலேயே விழுந்தார்கள். கடைசியில் மிஸ், பாடமும் நடக்க வேண்டுமே என்று, "இப்ப எல்லாரும் சொல்லுங்க, மேலே, கீழே" என்று ஆரம்பித்தார். "அது வோணாம், மொதலாளி இன்னா ஆனாரு?" என்றான் குமாரியின் மகன்.

அன்று சாயங்காலம் குழுவில் குமாரி முதல்முறையாகப் பேசி அனுப்பினாள். பதினான்கு நிமிடம். என்னை முந்திவிட்டாள்.

இப்போதும் என்னிடம் புத்தகம் கேட்கிறார்கள், நைனா. அந்தக் கரடிக்குப் பிறகும் எப்படித்தான் கேட்கிறார்களோ. எழுத்து குறைவாக, படம் நிறைய இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு கஷ்டம். எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வருகிறது. பக்கத்தைத் திறந்ததும் கண் நேராக எழுத்துக்குப் போய்விடுகிறது. ‘பெரியது’ என்று படித்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் ஓடுவதில்லை. அதனால் கட்டைவிரலால் எழுத்தை மூடிக்கொள்ளப் பழகுகிறேன். நேற்று மத்தியானம் தேஜுவை மடியில் வைத்து அப்படிப் பார்த்தபோது, கரடியின் காலடிப் புல்லில் ஒரு நத்தை இருந்தது. உன் கதை எதிலும் அது வந்ததில்லை. நீ அதைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது.

தேஜுவும் பார்த்துவிட்டாள். "அது எங்க போவுது?"

"மணவூருக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எதுக்கு?"

நாளைக்குப் படிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது எதற்கு அங்கே போகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, நைனா. இன்றைக்கு மத்தியானத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.