மூன்றாவது முடிச்சு

கும்மிடிப்பூண்டி
3.9.2024

அன்பு ரோஜாவுக்கு,

உன் நாத்தனார் கங்கம்மாள் எழுதுவது. முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ வாந்தி எடுத்ததைப் பார்த்துப் பிள்ளைதான் என்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டேன். இப்போது எதிர்வீட்டு மணியம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா கங்கம்மா, எத்தினி மாசம்?" என்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடப்பவளுக்கு நான் எதை எண்ணிச் சொல்வது?

போனைக் காதில் வைத்தால் தலை வெடிக்கிறது என்றாயாமே. அதனால்தான் கடிதம். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, சிரிக்காதே. உன் தங்கை செண்பகம் சோற்றோடு கொண்டுவருவாள்.

முதல் ஸ்கேனில் ஒன்றும் இல்லையாம். "படம் சுத்தமா கீதுக்கா, இட்டுக்கினு வந்துடறேன்" என்று என் தம்பி குணாளன் குதிக்கிறான். டாக்டர் என்ன சொல்கிறார்?

கங்கம்மாள்

திருவள்ளூர்
5.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். இரண்டையும் திறந்தால் எல்லாமே இரண்டிரண்டு. செண்பகமும் இரண்டு பேர். இரண்டு பேரும் உங்களுடைய உப்பில்லாத குழம்பையே கொண்டுவருகிறார்கள்.

நர்மதா டாக்டர் என்னை அனுப்ப மாட்டேன் என்கிறார். படுக்கவைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்து பலகை மாதிரி நின்றது. முகவாய் மார்பைத் தொடவில்லை, முழங்கால்தான் தானாக மடங்கியது. இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. "படம் சுத்தமா இருக்கலாம்மா. உங்க கழுத்தும் கண்ணும் வேற சொல்லுதே. சாயங்காலமானா காய்ச்சலும் வருது" என்றார். டிபி கிருமி மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் ஏறியிருக்கும் என்று சந்தேகமாம். முதுகில் நீர் எடுத்து, மாத்திரையும் ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது, நீர் தேங்கியிருக்கிறதா என்று தெரியுமாம். தள்ளிப்போட்டால் பார்வை போகலாம், உயிரும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

ஆனால் அது காந்த மெஷினாம், தாலியோடு உள்ளே போகக்கூடாதாம். உங்கள் தம்பி மீன் பிடிக்க ஏரியில் படகில் இருக்கும்போது நான் எப்படிக் கழற்றுவது? முடியாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முடிச்சு நீங்கள் போட்டது. நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ரோஜா

கும்மிடிப்பூண்டி
6.9.2024

அடி ரோஜா,

சொல்கிறேன், கழற்று. என் தம்பி போட்ட இரண்டு முடிச்சும் அன்றைக்கே தொளதொளவென்றுதான் இருந்தது. இறுக்கியவள் நான். நான் போட்டதை அவிழ்க்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போ.

நாளைக்கு சிப்காட் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டேன். நீ வெளியே வரும்வரை உன் புருஷன் ஏரிப் பக்கம் போகமாட்டான். துடுப்பு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. "நான் இன்னா கோழியா, கூடை போட்டுக் கவுக்கற?" என்றான். "கோழின்னா முட்டையாவது போடும்டா" என்றேன்.

இது விளையாட்டில்லை, ரோஜா. கிண்டல் பண்ண எனக்கு வேறு ஆள் கிடையாது. போய்ப் படு.

கங்கம்மாள்

திருவள்ளூர்
8.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

மஞ்சளோடு போய் வந்தேன். உள்ளே உங்கள் சிப்காட்டில் தகடு அடிக்கிற சத்தம். மூளையின் அடிப்பக்கம் வெள்ளையாக மின்னுவதை டாக்டர் படத்தில் காட்டினார். எனக்கு இரண்டு மூளை தெரிந்தது. நீரும் கொஞ்சம் தேங்கியிருக்கிறதாம். டிபிதான். "நல்லவேளை, தாமதிக்கலை. கண்ணு மெல்லத் திரும்பிடும்" என்றார். ஒரு வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டுமாம்.

வெளியே வந்ததும் செண்பகம் தாலியைப் போட்டுவிட்டாள். அவர் எப்படி இருக்கிறார்? உடனே எழுதுங்கள்.

உங்கள் ரோஜா

கும்மிடிப்பூண்டி
9.9.2024

அன்பு ரோஜாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அது பெரிய வேலை. இனி ஒரு மாத்திரை விட்டாலும் வந்து உதைப்பேன்.

நீ உள்ளே இருந்தவரை அவன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை. தாலி கழுத்துக்கு வந்துவிட்டது என்று செண்பகம் போன் பண்ணினாள். "போடா, துடுப்பை எடுத்துக்கோ" என்றேன். எழுந்தான். நாற்காலிக் கால் முறிந்தது. பக்கத்தில் மணியம்மாள் வைத்திருந்த நண்டுக் கூடையில் போய் உட்கார்ந்தான். நண்டுகள் உயிரோடு இருந்தன. இப்போது குப்புறப் படுத்திருக்கிறான்.

கங்கம்மாள்