தாள் இல்லாமல் வந்தவர்

அன்புள்ள எசெல், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? என் பேத்தி ஒடெஸா நர்ஸ் தேர்வில் முதலாவதாக வந்தாள். பேரன் லூசியஸ் பள்ளிப் பந்தாட்ட அணிக்குத் தலைவன்.

செவ்வாயன்று ஓட்டல் வேலை முடிந்து, கால் கடுக்க வீடு வந்தேன். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர். எங்கோ கடையை உடைத்தார்களாம், லூசியஸ் மேல் சந்தேகமாம்.

"உள்ள வந்து பேசலாமாம்மா?"

நம் சொந்த ஊர் அலபாமா பழக்கத்தில் 'வாங்க' என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் போலீஸை நாமே உள்ளே விட்டால், வீட்டைச் சோதிப்பதைத் தடுக்க முடியாது என்று சர்ச்சுக்கு வந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருந்தார்.

"ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கா தம்பி?"

"இல்லம்மா."

"அப்போ படியிலயே உக்காருங்க. எலுமிச்சை ஜூஸ் தர்றேன்."

குடித்துவிட்டுப் போனார். கவலைப்படாதீர்கள். தாளோடு வந்தாலும் வக்கீல் இல்லாமல் லூசியஸ் வாய் திறக்க மாட்டான். எனக்குத்தான் வாசலில் தனியாக நிற்க அலுப்பாக இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது. நீங்கள் தொப்பி வைத்துப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள்; கதவுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறேன், அடுத்த முறை நீங்களும் என்னோடு வாசலில் நிற்பது போல இருக்கும்.

உங்கள் லூவினியா