இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

அருமை மகள் பல்லிக்கு, சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி, அவளுடைய இரண்டு முழங்கால்கள், எல்லோரும் நலம். நீ அங்கே பத்து விரலோடும் நலமாக இருக்கிறாய் என்று எண்ணித்தான் தொடங்குகிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக, நான் அனுப்பிய விலங்குப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஓரமாக வை. காரணம் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை நெளிகிற எதையும் கையால் தொடாதே. எட்டு வயதில் ஓணானை டிபன் டப்பாவில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவள் நீ. டப்பாவைத் திறந்த டீச்சர் பக்கத்து ஊரில் போய்த்தான் நின்றார். உன் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.

நீ கேட்டது சின்ன உதவி. ஆறு நாள் காட்டுக்குள் நடந்தே சஃபாரி போகிறோம், எதைப் பார்த்தாலும் இன்னதென்று கண்டுபிடிக்க நல்ல புத்தகமாக ஒன்று பார்த்து அனுப்புங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். நாற்பது வருஷமாக உலகத்துப் புத்தகங்களில் பாதியைத் தைத்துக் கட்டிய பைண்டர் மகாசக்கரவர்த்தியிடம் கேட்டால் சும்மா இருப்பேனா, கடைக்குப் படையெடுத்தேன். கடைக்காரர் மூன்று புத்தகத்தை எடுத்துப் போட்டார். ஒன்று முழுக்கப் போட்டோ. ஒவ்வொரு சிங்கமும் ஸ்டூடியோவில் தலைவாரிக்கொண்டு நின்ற மாதிரி முகத்தைக் காட்டுகிறது, புதருக்குப் பின்னால் வாலை மட்டும் காட்டுகிற மானை அதை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று கைக்கு அடக்கமானது, வேண்டியது ஓரளவு இருந்தது. மூன்றாவதுதான் புத்தகம். கையால் வரைந்த படங்கள், இடது பக்கம் படம், எதிரே வலது பக்கம் விளக்கம், படத்துக்கு ஒரு எண், விளக்கத்துக்கு அதே எண், கால்தடம் சாணம் வரைக்கும் விட்டுவைக்கவில்லை. கனம் மட்டும், யானை மேல் வைத்தால் யானை உட்கார்ந்துவிடும். கடைக்காரர், "சார், இது மேசைமேல வச்சுப் படிக்கிறது, நடக்கிறவங்களுக்கு அந்தச் சின்னது போதும்" என்றார். உன் சித்தியும், "அவர் சொல்றதைத்தான் கேளுங்களேன்" என்றாள். பைண்டரிடம் வந்து கனத்தைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று மார்தட்டிப் பெரியதைத் தூக்கி வந்தேன்.

வீட்டில் அதன் தையலைப் பிரித்தேன். நடக்கிறவளுக்கு மீன் எதற்கு, கடல் பறவை எதற்கு, விட்டில் பூச்சி எதற்கு என்று கட்டுக்கட்டாக உருவிப்போட்டு, மிச்சத்தைத் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, உன் சட்டைப் பைக்கு அளவாக மூன்று ஓரமும் வெட்டினேன். பக்க எண்கள் எல்லாம் அடி ஓரத்தில் இருந்தன, நறுக்கென்று ரிப்பனாக விழுந்தன. சித்தி பார்த்துவிட்டு, "நம்பர் போச்சேங்க, அப்புறம் எதை வச்சுச் சரிபார்ப்பீங்க?" என்றாள். வெட்டுவதற்கு முன்னால் எண் பார்த்து அடுக்கைச் சரிபார்ப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடச் செய்வான். நான், என் கை தாளைத் தொட்டாலே பக்கம் சொல்லும் என்று சொல்லிவிட்டு வெட்டினேன்.

இன்று காலை, உருவிப்போட்ட மீன் பக்கங்களைப் பக்கத்து வீட்டுத் தையற்காரருக்குத் தைத்துக் கொடுக்கலாம் என்று எடுத்தேன், தூண்டில் போடுகிறவர், ஆசைப்பட்டுக் கேட்டார். புரட்டிக்கொண்டே போனால் மீன்களுக்கு நடுவில் ஒரு பாம்பு. இருநூற்றுப் பதின்மூன்று, பதினான்கு, ஒரே தாள். உன் புத்தகத்தில் இருக்க வேண்டியது. பல்லி, இதை நிதானமாகப் படி. ஆமைகள் முடிந்ததும் இடது பக்கம் ஆறு பாம்புகள் உள்ள ஒரு படம் வரும். ஆறும் விஷம். அதற்கு எதிரே இருக்க வேண்டிய விளக்கம் என்னிடமே தங்கிவிட்டது. உன் புத்தகத்தில் எதிரே இருப்பது அதற்கடுத்த படத்தின் விளக்கம், விஷமில்லாத ஆறு பாம்புகளுடையது; அந்தப் படம் விடுபட்ட தாளின் பின்பக்கம் இருக்கிறது. அங்கேயும் ஒன்று முதல் ஆறுதான் எண், அதனால் உனக்குச் சந்தேகமே வராது. நான்காம் எண் படம் தடித்த விரியன், முதுகில் அம்புமுனை மாதிரி பட்டை. எதிரே நான்காம் எண்ணில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? முட்டை தின்று வாழும், விஷமில்லை, சாது.

உடனே உனக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருக்கிறது. முகாம் ஆபீசுக்குப் போட்டேன். எடுத்தவர் நல்ல மனுஷர், ரேடியோவில் சொல்கிறேன் என்றார். என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, "உங்க சித்தப்பா புத்தகம் சரியில்லைன்னு சொல்றார், அவ்வளவுதானே சார்?" என்றார். முழுவதும் சொல்ல ஆரம்பித்ததும் லைன் அறுந்துபோயிற்று. மூன்று தடவை போட்டேன், கிடைக்கவில்லை. அந்த ஒரு வரி உன்னிடம் வந்தாலும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா ஆரம்பிச்சுட்டார் என்று சிரிப்பாய். இருபது வருஷமாக உன்னிடம் எத்தனை கதை விட்டிருக்கிறேன், நான் தைத்த அகராதியை லாரி ஏற்றியும் நசுக்க முடியவில்லை என்பதிலிருந்து. அதனால்தான் இந்தத் தாளையே உள்ளே வைத்திருக்கிறேன். இதன் அடி ஓரத்தில் பக்க எண் அப்படியே இருக்கிறது, பார். இடது ஓரத்தில் பசை தடவிக் காயவைத்திருக்கிறேன், ஈரத் துணியால் ஒற்றி, ஆறு பாம்புப் படத்துக்கு எதிரே முதுகோடு சேர்த்து அழுத்து.

கூரியர்க்காரர் செவ்வாய்க்கிழமை முகாம் ஆபீசில் சேரும் என்கிறார். புதன் காலை அங்கிருந்து சாமான் ஜீப் காட்டுக்குள் நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் போகுமாம். நீங்கள் வியாழன் விடியலில் நடக்கத் தொடங்குகிறீர்கள். நடுவில் ஒரே ஒரு ஜீப்தான் இருக்கிறது. அது கிளம்ப வேண்டும், அந்த நல்ல மனுஷர் இந்த உறையை அதில் போட மறக்காமல் இருக்க வேண்டும். நாலு மணிக்குக் கூரியர் கடை மூடிவிடுவார்கள், இப்போது மணி மூன்று, அவசரத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்.

தாளை ஒட்டிய பிறகும் என்னை நம்பாதே. நான் இன்னொரு தாளைக் கோட்டை விட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல இன்று எனக்கு வாய் வரவில்லை. கூட வருகிற வழிகாட்டியிடம் புத்தகத்தைக் காட்டு, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் போடு, கட்டையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கால் வை. உன் தோழிகளிடம் இந்தக் கதையைச் சொல்லி என்னைக் கிழிகிழியென்று கிழி, எனக்கு ஆட்சேபணை இல்லை. நன்றாக இரு, நீண்ட ஆயுசோடு இரு, எல்லா ஆசீர்வாதமும் உன் தலைமேல். ஜீப்காரர் திரும்பும்போது தாள் கிடைத்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் உன் சித்தப்பா

பல்லி, நான் சித்தி எழுதுகிறேன். இவர் எழுதியதெல்லாம் படித்தேன், நிஜம். காலையிலிருந்து என்னை ஒரு தடவைகூட இவர் கிண்டல் பண்ணவில்லை. மிச்சத்தை நீயே புரிந்துகொள்.